கடைக் கணனி மக்கர் பண்ணினால்... 'போமட்' என்று சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

நோன்புப் பெருநாளுக்கு இன்னும் மூன்று நாட்கள். கடையில் கால் வைக்க இடமில்லை. அந்த நேரம் பார்த்து பில் போடும் கணனி நீல நிறத் திரையைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. திருத்துபவரை அழைக்கிறோம். அவரும் வருகிறார், இரண்டு தடவை ஓன் பண்ணிப் பார்க்கிறார், "நானா, விண்டோஸ் அடிச்சிட்டு. போமட் பண்ணத்தான் வேணும்" என்கிறார். அவசரத்தில் நாமும் தலையாட்டுகிறோம். பின்னேரம் கணனி புதுசு போல் வேலை செய்கிறது. ஆனால் யார் யார் எவ்வளவு கடன், எந்தச் சரக்கு எவ்வளவு இருப்பு, எந்தக் கம்பனிக்கு எந்தத் திகதிக் காசோலை என்ற விபரங்கள் ஒன்றும் அதில் இல்லை!

இது நமது வர்த்தகர்கள் மத்தியில் அடிக்கடி கேட்கும் கதை. இதில் கவலைக்குரிய விடயம் என்னவென்றால், இப்படி 'போமட்' செய்யப்படும் கணனிகளில் பல, அதற்குத் தேவையே இல்லாதவை. ஒரு கேபிள், ஒரு தூசிப் படலம், நாணயம் அளவிலான ஒரு பற்றரி, ஒரு டிரைவர் மென்பொருள் - இவற்றில் ஏதோ ஒன்றுதான் கோளாறாக இருந்திருக்கும். முதலாளிமார் கணனித் திருத்துநர்களாக மாற வேண்டியதில்லை. ஆனால், கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அறிந்து வைத்திருப்பது நமது பணத்தையும் கணக்கையும் காப்பாற்றும்.

மூன்று அடுக்குகள்

கணனியில் ஏற்படும் கோளாறுகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது வன்பொருள். அதாவது கையால் தொடக்கூடிய ஹார்ட் டிஸ்க், மெமரி, பவர் சப்ளை, பிரிண்டர், கேபிள் போன்றவை. இரண்டாவது டிரைவர். மூன்றாவது விண்டோஸ் இயங்குதளம்.

டிரைவர் என்றால் என்ன என்பதை ஒரு வியாபாரிக்கு இலகுவாக விளக்கலாம். சீனாவில் இருந்து சரக்கு எடுக்கும் வர்த்தகர் அங்குள்ள தொழிற்சாலைக்காரரோடு நேரடியாகப் பேச மாட்டார். இடையில் மொழி தெரிந்த ஒரு தரகர் இருப்பார். விண்டோஸுக்கும் பிரிண்டருக்கும் இடையில் நிற்கும் அந்தத் தரகர்தான் டிரைவர். தரகர் வராவிட்டாலோ, பிழையான ஆள் வந்துவிட்டாலோ, இரு பக்கமும் நன்றாக இருந்தும் வியாபாரம் நடக்காது. பிரிண்டரும் நல்லது, விண்டோஸும் நல்லது, ஆனால் பில் மட்டும் வராது.

எந்த அடுக்கில் கோளாறு என்று பிரித்தறிய இரண்டு கேள்விகள் போதும். ஒன்று: விண்டோஸ் திரை வருவதற்கு முன்பே பிரச்சினை தொடங்குகிறதா? அப்படியானால் அது அநேகமாக வன்பொருள் கோளாறு. போமட் செய்வதால் அது தீராது. இரண்டு: நேற்று வரை வேலை செய்த கணனியில் இன்று என்ன மாறியது? புதிய பிரிண்டர் பூட்டினோமா, விண்டோஸ் அப்டேட் ஓடியதா, மேசையை இடம் மாற்றினோமா, மின்சாரம் நின்று வந்ததா? பெரும்பாலும் விடை அந்த மாற்றத்திலேயே இருக்கும்.

வன்பொருள் சொல்லும் அடையாளங்கள்

கணனி ஓன் ஆகி இருபது நிமிடத்தில் தானாக நின்றுவிடுகிறது, ஆறிய பிறகு மீண்டும் வேலை செய்கிறது என்றால் அது வெப்பப் பிரச்சினை. புடைவைக் கடைகளில் நூல் தூசியும், பலசரக்குக் கடைகளில் மாத் தூசியும் உள்ளே இருக்கும் விசிறியை அடைத்துவிடுகின்றன. வயரைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து, மென்மையான பிரஷ்ஷினால் துப்புரவு செய்தால் போதும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இதைச் செய்தால் கணனியின் ஆயுளும் கூடும்.

ஓன் செய்ததும் திரையில் ஒன்றும் வராமல் 'பீப்' சத்தம் மட்டும் கேட்கிறதா? பல நேரங்களில் மெமரி கார்ட் சரியாக அமரவில்லை என்பதே அதன் கருத்து. மின்சாரத்தைத் துண்டித்து, கார்டைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிறப்பரினால் மெதுவாகத் துடைத்து மீண்டும் பூட்டினால் கணனி எழும்பிவிடுவதுண்டு. நமது நாட்டின் ஈரப்பதனில், அதுவும் கடற்கரையை அண்டிய ஊர்களில், இது வழமையாக நடப்பது.

கணனியை ஓன் செய்யும் ஒவ்வொரு நாளும் திகதி பின்னோக்கிப் போய் நிற்கிறதா? மதர்போர்டில் இருக்கும் சீ.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பற்றரி முடிந்துவிட்டது. கைமணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும் சாதாரண பற்றரி அது. ஆனால் இதை அலட்சியம் செய்தால் பில்களில் பிழையான திகதி பதியும், காலாவதித் திகதிக் கணக்கு குழம்பும், வங்கி இணையத்தளங்களும் 'பாதுகாப்பற்றது' என்று கூறித் திறக்க மறுக்கும். இணையம் பழுது என்று எண்ணி ரவுட்டரை மாற்றியவர்களும் உண்டு.

ஹார்ட் டிஸ்க்கில் இருந்து 'டிக் டிக்' என்ற சத்தம் வருவது எல்லாவற்றிலும் பாரதூரமானது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கணனியை நிறுத்துவது. திரும்பத் திரும்ப ஓன் செய்து பார்ப்பதும், 'செக் டிஸ்க்' ஓட விடுவதும், போமட் செய்வதும் உள்ளே மிச்சமிருக்கும் தகவல்களையும் அழித்துவிடலாம். முதலில் தகவலைப் பிரதி எடுப்பது, பிறகுதான் திருத்துவது. இந்த ஒழுங்கு மாறக் கூடாது.

பாவித்த கணனிகளை மலிவாக வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மதர்போர்டில் சிறு உருளைகளாக நிற்கும் கெப்பசிற்றர்கள் தலை வீங்கி அல்லது கசிந்து இருந்தால் அந்தப் போர்ட் நீண்ட நாள் தாங்காது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய வருடங்களில் தரமற்ற கெப்பசிற்றர்களால் உலகம் முழுவதும் எண்ணற்ற கணனிகள் பழுதாகின. டெல் நிறுவனம் இதற்காக 2005இல் 300 மில்லியன் டொலரை ஒதுக்க நேர்ந்தது. அத்தகைய பெரிய நிறுவனமே ஏமாந்த இடத்தில், நாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது புத்திசாலித்தனம் அல்ல.

மின்சாரம் என்ற மறைமுக எதிரி

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலில் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடே இருளில் மூழ்கியது. மின்சாரம் போவது மட்டுமல்ல, திரும்பி வரும்போது ஏற்படும் ஏற்ற இறக்கமும் பவர் சப்ளையைப் பதம் பார்க்கிறது. பில் பதியப்படும் அந்த விநாடியில் மின்சாரம் நின்றால், கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்பு பாதியில் எழுதப்பட்டுச் சிதைந்துவிடும். அடுத்த நாள் 'டேட்டாபேஸ் எரர்' என்று வருவதற்கு வைரஸ்தான் காரணம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

கடைக் கணனிக்கு ஒரு யூ.பி.எஸ். கட்டாயம். அது மணித்தியாலக் கணக்கில் வேலை செய்யவல்ல, பில்லை முடித்து ஒழுங்காக நிறுத்துவதற்கே. இங்கு இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, லேசர் பிரிண்டரையும் அதே யூ.பி.எஸ்.ஸில் பூட்டுவது. லேசர் பிரிண்டர் சூடாகும்போது அதிக மின்சாரத்தை இழுக்கும், யூ.பி.எஸ். தாங்காது. மற்றது, வாங்கிய நாளில் இருந்து அதன் பற்றரியை மாற்றாமலே வைத்திருப்பது. சில வருடங்களில் பற்றரி செத்துவிடும். பெட்டி மட்டும் பச்சை விளக்கோடு நிற்கும். மாதம் ஒரு தடவை சுவிட்சை நிறுத்திச் சோதித்துப் பாருங்கள்.

பில் வரவில்லையா? டிரைவரைப் பாருங்கள்

கடைகளில் வரும் முறைப்பாடுகளில் முன்னணியில் நிற்பது "பிரிண்ட் வருதில்லை" என்பதுதான். இதில் மிகச் சாதாரணமான காரணம், கூட்டித் துடைக்கும்போது கழன்ற யூ.எஸ்.பி. வயரை வேறு துளையில் செருகிவிடுவது. விண்டோஸ் அதைப் புதிய பிரிண்டர் என்று நினைத்து அதே பெயரில் 'கொப்பி 1' என இன்னொன்றை உருவாக்கிவிடும். பில் மென்பொருளோ பழைய பெயருக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். வயரைப் பழைய துளைக்கே மாற்றினால் பிரச்சினை தீர்ந்தது. எந்த வயர் எந்தத் துளைக்கு என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைப்பது நல்லது.

அடுத்து, அனுப்பிய பில்கள் வரிசையில் சிக்கி நிற்பது. சேர்விசஸ் பட்டியலில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் பெரும்பாலும் சரிவரும்.

இவை இரண்டும் இல்லையென்றால் ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து 'டிவைஸ் மெனேஜர்' என்பதைத் திறந்து பாருங்கள். மஞ்சள் நிற ஆச்சரியக்குறி எங்காவது தெரிகிறதா? அதை இருமுறை கிளிக் செய்தால் ஒரு இலக்கம் தெரியும். இலக்கம் 28 என்றால் டிரைவர் பதியப்படவில்லை. 22 என்றால் யாரோ அந்தச் சாதனத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 10 என்றால் சாதனம் தொடங்கவில்லை. 43 என்றால் சாதனமே தன்னில் கோளாறு என்று அறிவித்திருக்கிறது. இந்த இலக்கத்தைத் தொலைபேசியில் சொன்னாலே அனுபவமுள்ள ஒருவர் பாதி வேலையை முடித்துவிடுவார்.

தராசு, பழைய பார்கோட் ஸ்கேனர், காசு லாச்சி போன்றவற்றை யூ.எஸ்.பி.யோடு இணைக்கும் மாற்றி வயர்களில் ஒரு விசேட சிக்கல் உண்டு. இவற்றின் உள்ளே இருக்கும் சிப்களுக்குப் போலிகள் ஏராளம். ஸ்கொட்லாந்தின் எப்.டி.டி.ஐ. என்ற நிறுவனம் 2014இல் விண்டோஸ் அப்டேட் ஊடாக வெளியிட்ட டிரைவர், தனது சிப்பின் போலிகளைக் கண்டு அவற்றின் அடையாள இலக்கத்தையே அழித்துவிட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் அது வாபஸ் பெறப்பட்டது. தாய்வானின் புரொலிபிக் நிறுவனத்தின் புதிய டிரைவர்களும் போலிச் சிப்களையும் மிகப் பழைய சிப்களையும் ஏற்பதில்லை; இலக்கம் 10 காட்டி நின்றுவிடும். நேற்று வரை நிறை காட்டிய தராசு, அப்டேட் ஆன மறுநாள் கணனிக்குத் தெரியாமல் போவதன் இரகசியம் இதுதான். தராசில் பிழையில்லை, விண்டோஸிலும் பிழையில்லை. சில நூறு ரூபா மிச்சம் பிடித்து வாங்கிய வயரில்தான் பிழை.

அப்டேட்டினாலும் பிரச்சினை வருவதுண்டு. 2021 மார்ச் மாதம் மைக்ரோசொப்ட் வெளியிட்ட ஒரு அப்டேட்டுக்குப் பிறகு, சில வகைப் பிரிண்டர்களுக்குக் கட்டளை கொடுத்தவுடனேயே கணனிகள் நீலத் திரையில் விழுந்தன. சில நாட்களில் அதற்குத் திருத்தமும் வெளியானது. அதே ஆண்டு பிரிண்ட் ஸ்பூலரில் கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டையை அடைக்கப் போய், ஒரு பிரிண்டரைப் பல கணனிகள் பகிர்ந்து பாவிக்கும் அலுவலகங்கள் திண்டாடின. இத்தகைய வேளைகளில் கடைசியாக வந்த அப்டேட்டை மட்டும் நீக்கலாம். டிரைவர் புதிதாக மாறியதால் பிரச்சினை என்றால், டிவைஸ் மெனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பொத்தானை அழுத்திப் பழைய டிரைவருக்குத் திரும்பலாம்.

டிரைவர் தேவைப்பட்டால் அதைத் தயாரித்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் இருந்து மாத்திரம் இறக்குங்கள். 'உங்கள் டிரைவர்கள் அனைத்தையும் இலவசமாகப் புதுப்பிக்கிறோம்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருட்களை நம்ப வேண்டாம். அவற்றோடு வேண்டாத விருந்தாளிகளும் உள்ளே வருவார்கள்.

விண்டோஸ் எழும்பவில்லையா?

விண்டோஸ் இரண்டு மூன்று தடவை தொடர்ந்து எழும்பத் தவறினால், விண்டோஸ் 10, 11 பதிப்புகள் தாமாகவே திருத்தப் பகுதிக்குச் செல்லும். அங்கே 'ஸ்டார்ட்அப் ரிப்பெயார்', 'அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்', 'சிஸ்டம் ரெஸ்டோர்', 'சேப் மோட்' முதலிய வழிகள் உண்டு. போமட் என்பது இவை எல்லாம் தோற்ற பிறகு வரும் கடைசி வழி.

இவற்றில் சேப் மோட் ஒரு நல்ல உரைகல். அதில் விண்டோஸ் அத்தியாவசியமான டிரைவர்களோடு மட்டும் இயங்கும். சேப் மோடில் கணனி மணிக்கணக்கில் பிரச்சினையின்றி ஓடினால், வன்பொருள் அநேகமாக நல்லது; ஏதோ ஒரு டிரைவரோ மென்பொருளோதான் குற்றவாளி. சேப் மோடிலும் தொங்கினால் மெமரி, ஹார்ட் டிஸ்க், வெப்பம் என்ற பக்கம் தேட வேண்டும்.

2024 ஜூலை 19ஆம் திகதி நடந்ததை நினைவூட்டுவது பொருத்தம். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பினால் உலகெங்கும் கணனிகள் நீலத் திரையில் விழுந்தன. விமான நிலையங்கள், வங்கிகள், வைத்தியசாலைகள் தடுமாறின. மைக்ரோசொப்ட்டின் மதிப்பீட்டின்படி பாதிக்கப்பட்டவை சுமார் 85 இலட்சம் கணனிகள். பரிகாரம் என்ன தெரியுமா? சேப் மோடில் நுழைந்து, அந்த ஒரு கோப்பை அழித்து, மீண்டும் தொடங்குவது. அன்று கண்ணை மூடிக்கொண்டு போமட் செய்திருந்தால் எத்தனை தகவல்கள் வீணாக அழிந்திருக்கும்!

இனி, மிகவும் ஆபத்தான ஒரு இடம். விண்டோஸில் 'ரீசெட்' செய்யும்போது 'எனது கோப்புகளை வைத்திரு' என்ற தெரிவு உண்டு. அதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். அது காப்பாற்றுவது உங்கள் பெயரில் உள்ள படங்கள், கடிதங்கள் போன்றவற்றை. பதிந்த மென்பொருட்களை அது நீக்கிவிடும். கடையின் பில் மென்பொருளோ தனது கணக்குகளைப் பல நேரங்களில் தன் சொந்தக் கோப்புறையிலோ தனியான டேட்டாபேஸிலோ வைத்திருக்கும். அவை தப்பும் என்று நம்பியிருக்க முடியாது. டெஸ்க்டொப்பில் உள்ள பெருநாள் போட்டோக்கள் மிஞ்சும், கடன் கணக்கு போய்விடும். ஆகவே, உங்கள் கணக்கு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதை மென்பொருள் தந்தவரிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.

புதிய மடிக்கணனி வாங்கியோருக்கும் ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 11 உள்ள பல கணனிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. மதர்போர்டை மாற்றினாலோ, அதன் உள் மென்பொருளைப் புதுப்பித்தாலோ, 48 இலக்கங்கள் கொண்ட திறப்பு எண்ணை அது கேட்கலாம். அந்த எண் வழமையாக, கணனியை முதன்முதல் ஆரம்பித்தபோது கொடுத்த மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். விற்ற கடைத் தம்பி அவசரத்துக்குத் தனது மின்னஞ்சலைக் கொடுத்து ஆரம்பித்திருந்தால்? உங்கள் கடையின் திறப்பு அவர் கையில்! வாங்கும் நாளிலேயே உங்கள் மின்னஞ்சலைக் கொடுங்கள், அந்த எண்ணைக் கடதாசியில் பிரதி எடுத்துப் பாதுகாப்பாக வையுங்கள்.

பழைய விண்டோஸை என்ன செய்வது?

விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கானது 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கானது 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியும் முடிவடைந்தன. ஆதரவு முடிந்த கணனி வேலை செய்யாமல் போவதில்லை. ஆனால் புதிய ஓட்டைகள் அடைக்கப்படுவதில்லை. அத்தகைய கணனியில் வங்கி அலுவல்களும் மின்னஞ்சலும் பார்ப்பது கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குவது போலாகும். இணையமே இல்லாமல் பில் மட்டும் போட்டால் ஆபத்து குறைவு.

விண்டோஸ் 11க்கு மாறுவோர் முதலில் பழைய சாதனங்களைக் கணக்கெடுக்க வேண்டும். விண்டோஸ் 11 64 பிட் பதிப்பாக மட்டுமே வருகிறது. 32 பிட் டிரைவர் மட்டும் உள்ள பழைய பிரிண்டரோ, டொஸ் காலத்துக் கணக்கு மென்பொருளோ அதில் வேலை செய்யாது. கணனியிலும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இருக்க வேண்டும். புதுக் கணனி வாங்கிய பிறகு பிரிண்டரையும் மாற்ற நேர்ந்தால் செலவு இரட்டிப்பாகும்.

திருத்துபவரை அழைக்க முன்

1. திரையில் வந்த செய்தியைக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள்.

2. கடைசியாக என்ன மாறியது என்பதை ஊழியர்களிடம் விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. எல்லா வயர்களையும் கழற்றிப் பூட்டுங்கள். பிரிண்டர், ஸ்கேனர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கணனியை மட்டும் ஓன் செய்து பாருங்கள்.

4. கணக்கின் கடைசிப் பிரதி எந்தத் திகதிக்குரியது என்று பாருங்கள். பழையது என்றால், "முதலில் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணனியில் பூட்டிப் பிரதி எடுங்கள், பிறகு கை வையுங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

5. கணனியைக் கடைக்கு வெளியே அனுப்பும்போது அதன் மாதிரி இலக்கம், மெமரி அளவு, டிஸ்க் அளவு ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். குறிப்பாகப் பழைய டிஸ்க்கை விட்டுவிட்டு வர வேண்டாம். அதில் வாடிக்கையாளர்களின் பெயரும் இலக்கமும் கடனும் இருக்கின்றன. அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

6. பூட்டுடைத்த விண்டோஸ் பதிவதற்குச் சம்மதிக்க வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் கணனி மென்பொருளுக்கும் பதிப்புரிமை உண்டு. அதைவிட, அந்தப் பூட்டை உடைக்கும் கருவிகளோடுதான் வைரஸ்களும் அதிகம் நுழைகின்றன.

7. திருத்திய பிறகு, என்ன கோளாறு, என்ன செய்தார், என்ன செலவு என்பதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஆறு மாதத்தில் அந்தக் கொப்பியே உங்களுக்குச் சிறந்த ஆலோசகர்.

இவை அனைத்துக்கும் மேலாக, தினமும் கடை பூட்டும்போது கணக்கை ஒரு பென் டிரைவுக்குப் பிரதி எடுக்கும் பழக்கம் வேண்டும். ஒன்று போதாது, இரண்டு பென் டிரைவ்களை மாறி மாறிப் பாவித்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். எடுத்த பிறகு கணனியிலேயே செருகி வைக்க வேண்டாம். மின்னலோ வைரஸோ வந்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். மாதம் ஒரு முறை அந்தப் பிரதியை வேறொரு கணனியில் திறந்து, கடன் பட்டியல் சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திறந்து பார்க்காத பிரதியும் எண்ணிப் பார்க்காத காசும் ஒன்றுதான்.

பிரதி கையில் இருந்தால், கணனி முழுமையாக எரிந்து போனாலும் நட்டம் ஒரு கணனியின் விலை மட்டுமே. பிரதி இல்லாவிட்டால், ஒரு சின்னப் பற்றரியின் கோளாறுகூட பல வருடக் கடன் கணக்கைக் கொண்டு போய்விடலாம்.